ஒரு பாயிண்ட் லீடு, ஒன்பது நொடி, பந்து அவர்கள் கையில்

கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடுகிற பையன்களிடம், "நாம ஒரு பாயிண்ட் லீடு, கடைசிப் பத்து நொடி, பந்து அவங்க கையில. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "பந்தைப் பிடுங்கணும்ணா" என்றுதான் முதல் பதில் வரும். தர்மபுரியில் ஒரு கல்லூரி அணிக்குச் சாயங்காலங்களில் பயிற்சி கொடுக்கிறேன். நானும் இதே மாவட்டத்தில் கல்லூரிக்கு ஆடியவன். நான் பார்த்தவரை இந்தப் பக்கத்து மேட்ச்களில், கடைசி நேரத்தில் எதிரணி அபாரமாக ஒரு ஷாட் போட்டு ஜெயிப்பது குறைவு. லீடில் இருக்கிற அணி அவசரப்பட்டு ஃபவுல் கொடுத்தோ, ரிங்கில் பட்டு வந்த பந்தை அவர்கள் கையிலேயே விட்டோ தோற்பதுதான் அதிகம். பிடுங்கப் போகிற கைதான் ஃபவுல் கொடுக்கிறது. மேலே பறக்கிற பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற கண்தான் ரீபவுண்டை விடுகிறது.

பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. இன்டர் காலேஜ் மேட்ச் என்றால் கோர்ட் எப்படி இருக்கும் என்பது போய் இறங்கினால்தான் தெரியும். நாங்கள் ஆடுவது பெரும்பாலும் திறந்தவெளி சிமென்ட் கோர்ட். தரையில் மெல்லிசாக மண் படிந்திருக்கும். பொழுது சாயச் சாயக் காற்று வேறு. சில இடங்களில் ரிங்குக்கு நேர் பின்னால் சூரியன் இறங்கும். இப்படிப்பட்ட இடத்தில் தூர ஷாட் விழுவது கஷ்டம். ஸ்கோர் ஐம்பதைச் சுற்றியே நிற்கும், ஒன்றிரண்டு பாயிண்ட் வித்தியாசத்திலேயே கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டு போகும். அதனால் கடைசி டிஃபென்ஸ் எங்களுக்கு எப்போதோ ஒரு தடவை வருகிற விஷயம் இல்லை. அதற்கென்று தயாராகத்தான் வேண்டும்.

எங்கள் பையன்களில் பலர் பள்ளியில் கபடி ஆடியவர்கள். கல்லூரிக்கு வந்த பிறகுதான் கூடைப்பந்தைத் தொட்டிருப்பார்கள். கபடி ஆடியவனுக்குக் கால் பிரமாதமாக வேலை செய்யும், தாழ்ந்து நிற்பது அவனுக்கு இயல்பு. பிரச்சினை கைதான். ரெய்டர் எல்லைக்குள் வந்தால் பிடித்து அமுக்கிப் பழகிய கை, பந்தோடு ஒருவன் பக்கத்தில் வந்தவுடன் தானாகவே நீளும். அதைத் திருத்த நான் கபடியையே துணைக்குக் கூப்பிடுவேன். "கார்னர்ல நிக்கிறவன் ரெய்டர் வந்ததும் பாயுறானா? அவன் காலை நீட்டுற வரைக்கும் காத்திருக்கான் இல்லையா? அதே பொறுமை இங்கயும் வேணும். ஆனா கடைசியில பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்." இப்படிச் சொன்னால் உடனே பிடிபடுகிறது. புத்தகத்துப் படம் வரைந்து காட்டினால் இவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை.

நான் சொல்ல வந்த மேட்ச் ஒரு செமி ஃபைனல். எதிரே கிருஷ்ணகிரிப் பக்கத்து அணி. 54-53 என்று நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தபோது அவர்கள் டைம் அவுட் எடுத்தார்கள். மின் கடிகாரம் கிடையாது, டேபிளில் ஸ்டாப்வாட்ச்தான். போய்க் கேட்டேன், ஒன்பது நொடி என்றார்கள். அந்தக் குவார்ட்டரில் எங்கள் பேரில் ஏற்கெனவே நாலு ஃபவுல். அடுத்து எவனைத் தொட்டாலும், அவன் ஷாட் போடாமல் சும்மா நின்றிருந்தால்கூட, இரண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் தடுக்காமல் போடுகிற ஷாட் அது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். இரண்டும் விழுந்தால் மேட்ச் போச்சு.

டைம் அவுட் ஒரு நிமிடம்தான். முதல் வேலையாக ஈரத் துணியைக் கீழே போட்டு ஐந்து பேரையும் ஷூவின் அடியைத் தேய்க்கச் சொன்னேன். சிமென்ட் கோர்ட்டில் ஆடுகிறவர்கள் இதைப் பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது கால் ஒரு சாண் வழுக்கினால் எதிராளிக்கு லே அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிப் போய்ப் போடும் சுலபமான ஷாட்) கிடைத்துவிடும். துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் பெஞ்சில் எப்போதும் இருக்கட்டும்.

அதற்கப்புறம் பேசியது கொஞ்சம்தான். அவர்களுடைய பதினொன்றாம் நம்பர் கார்டு (பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவன்) இடது கைக்காரன். மேட்ச் முழுக்க இடது பக்கமாகவே புகுந்து புகுந்து ஸ்கோர் செய்துகொண்டிருந்தான். பாலக்கோட்டுப் பையனை அவன்மேல் போட்டேன். "இடது பக்கம் மட்டும் விடவே கூடாது. வலது பக்கம் போனா போகட்டும், அங்க அவனுக்கு ஷாட் வராது" என்றேன். அவனிடம் தனியாகச் சொல்லாமல் ஐந்து பேருக்கும் கேட்கும்படிச் சொன்னேன். காரிமங்கலத்துப் பையன், "ஸ்க்ரீன் வந்தாண்ணா?" என்று கேட்டான். ஸ்க்ரீன் என்றால் எதிராளி ஒருவன் நம் ஆளின் வழியில் நின்று மறைப்பது. "சத்தம் போட்டு மாத்திக்கோ. யார் கையில அவன் மாட்டினாலும் இடது பக்கம் கிடையாது."

"தொட்டா?"

"ரெண்டு ஃப்ரீ த்ரோ. ஞாபகம் இருக்கட்டும்."

நாங்கள் காக்கிற ரிங் இருக்கும் பாதியில், சைடு லைனிலிருந்து த்ரோ இன். பந்தை உள்ளே போட நின்றவன் அவர்களுடைய உயரமான ஃபார்வர்ட். அவனுக்கு எதிரே எங்கள் அரூர்ப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். கோட்டுக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர் நெருக்கமாக இருந்ததால் ரெஃப்ரி அவனை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார். கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் இடம் இல்லாவிட்டால் விதி அப்படித்தான். பையன் மறுபேச்சு இல்லாமல் தள்ளி நின்றான், கை மட்டும் இறங்கவே இல்லை. ரிங்குக்குக் கீழே வெட்டி ஓடியவனுக்கு நேராகப் பந்து போடும் வழி அதிலேயே அடைபட்டது.

பதினொன்றாம் நம்பர் ஒரு ஸ்க்ரீனைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். "மாத்து!" என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாலக்கோட்டுப் பையன் ஸ்க்ரீன் போட்டவனோடு போய்விட, இடது கைக்காரன் காரிமங்கலத்துப் பையனிடம் வந்து சேர்ந்தான். பந்து அவன் கைக்கு வந்தபோது ரிங்கிலிருந்து வெகு தூரத்தில் இருந்தான். இரண்டு டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் இரண்டு தட்டு, இடது பக்கம். எங்கள் பையன் காலைக் காலோடு சேர்க்காமல் சறுக்கிச் சறுக்கி முன்னால் போய் நின்றான், மார்பு அவனுக்கு நேராக இருந்தது. மூன்றாவது டிரிபிளில் அவன் சட்டென்று வலது பக்கம் சுழன்றான். நின்றான். பந்தைத் தூக்குவது போல ஒரு ஃபேக். எங்கள் பையனின் குதிகால் தரையை விட்டு எழுந்தது, விரல் எழவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த ஷூதான் கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம்தான் உண்மையான ஷாட், ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது ஓரத்திலிருந்து, உடம்பு திரும்பியபடியே. கை முகத்துக்கு நேரே இருந்தது, தொடவில்லை. பந்து ரிங்கின் பின்பக்க இரும்பில் பட்டு நீளமாகத் தெறித்தது. அரூர்ப் பையனின் முதுகு அந்த உயரமான ஃபார்வர்டின் மார்பில் ஒட்டியிருந்தது. பந்து அவர்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலே போய்ப் பென்னாகரத்துப் பையனிடம் விழுந்தது. அவன் இரண்டு கையாலும் வாங்கி வயிற்றோடு அணைத்துக் குனிந்துகொண்டான். விசில்.

அந்த ஒன்பது நொடியில் எங்கள் பையன் ஒருவன்கூடப் பந்தைத் தட்டிவிடவில்லை, பிளாக் செய்யவும் இல்லை. அந்த டிஃபென்ஸ் எனக்கு இவ்வளவு பிடித்திருப்பதற்குக் காரணமே இதுதான். எதிராளி தனக்குப் பிடிக்காத பக்கத்திலிருந்து, பிடிக்காத நிலையில் ஷாட் போட்டான். அது தவறியது, பந்து நமக்கு வந்தது. ஒருவேளை அந்த ஷாட் விழுந்திருந்தாலும் அந்தப் பையன்களைப் பாராட்டித்தான் பஸ் ஏற்றியிருப்பேன்.

இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அடுத்தவன் ஆளைப் பற்றிய தகவல் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் ஸ்க்ரீன் வராமல் இருக்காது, வந்தால் ஆள் மாறும். இடது கைக்காரன், ஃபேக் போடுகிறவன், டிரிபிளே செய்யாமல் வாங்கியவுடன் ஷாட் போடுகிறவன், இந்த மூன்று விஷயமும் ஐந்து பேர் தலையிலும் இருந்தால் போதும். சத்தம் போட வைத்திருக்கும் சொல் ஒரே சொல்லாக, மேட்ச் முழுக்க அதே சொல்லாக இருக்கட்டும். "மாத்து" என்றால் மாற்றிக்கொள்வது, "ஹெல்ப்" என்றால் உதவிக்கு வருவது. கடைசி நிமிடத்துக்கென்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் இரண்டு பேருக்கு மறந்துவிடும்.

ஃபவுல் கணக்கு தெரியாமல் யாரும் கோர்ட்டுக்குள் போகக் கூடாது. பத்து நிமிடக் குவார்ட்டரில் அணிக்கு நாலு ஃபவுல் வரை அனுமதி, ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. உங்கள் பேரில் இரண்டோ மூன்றோதான் இருக்கிறது என்றால் அது ஒரு ஆயுதம். எதிராளி ஷாட்டுக்குப் போகும் முன், இன்னும் ரிங்கிலிருந்து தூரத்தில் இருக்கும்போதே, பந்துக்கு முயற்சி செய்து ஒரு ஃபவுல் எடுத்தால் நொடிகள் கரைந்திருக்கும், அவர்கள் போட்ட திட்டமும் கலையும். மறுபடி த்ரோ இன்னிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் பந்துக்கு முயற்சி செய்கிறோம் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். சட்டையைப் பிடித்து இழுத்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல், இரண்டு ஃப்ரீ த்ரோவும் போகும், பந்தும் போகும். இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில், த்ரோ இன் பந்து கையை விட்டுப் போகும் முன்பே உள்ளே யாரையாவது பிடித்துத் தள்ளினால், 2022-ல் வந்த விதிப்படி ஒரு ஃப்ரீ த்ரோவும் கொடுத்து, பந்தும் அவர்களுக்கே. ஒரு பாயிண்ட் லீடில் இருக்கும்போது அந்த ஒரு ஃப்ரீ த்ரோவே ஸ்கோரைச் சமமாக்கிவிடும். ஸ்க்ரீனைத் தாண்டி வருகிற அவசரத்தில் நம் பையன்கள் செய்வது இதைத்தான்.

"கடைசி நொடியில ரெஃப்ரி விசில் அடிக்க மாட்டார்ணா" என்று பையன்கள் தைரியமாகச் சொல்வார்கள். அதை நம்பி யாரும் ஆடக் கூடாது. நேராக எழும்பி, கையையும் நேராக வைத்திருப்பவன் மேல் எதிராளி வந்து இடித்தால் அது நம் ஃபவுல் ஆகாது. கை முன்னால் சாய்ந்துவிட்டால் ஆகும். பயிற்சியில் இதற்காகவே ஒருவனைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்து, கையை மேலே நீட்டிக் குதிக்கச் சொல்லுவேன். முதுகும் கையும் சுவரை விட்டு விலகாமல் குதித்துப் பழகியவனுக்கு மேட்ச்சில் கை சாயாது.

பந்தை உள்ளே போடுகிறவனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1992-ல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் டியூக் அணியும் கென்டக்கி அணியும் ஆடிய மேட்ச்சை இன்றைக்கும் எல்லாப் பயிற்சியாளர்களும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். கூடுதல் நேரத்தில் கென்டக்கி 103-102 என்று முன்னால் இருந்தது, மீதி 2.1 நொடி. பந்தை உள்ளே போட நின்ற கிராண்ட் ஹில்லுக்கு எதிரே கென்டக்கி ஆள் யாரும் நிற்கவில்லை. அவர் நிதானமாகப் பார்த்து, கோர்ட்டின் அந்தக் கோடிக்கு எறிந்தார். கிறிஸ்டியன் லேட்னர் வாங்கித் திரும்பிப் போட்ட ஷாட்டில் மேட்ச் 104-103. 2016-ன் இறுதிப் போட்டியில் நடந்தது வேறு மாதிரி. வில்லனோவாவும் நார்த் கரோலினாவும் 74-74, மீதி 4.7 நொடி. பந்தை உள்ளே போட்ட கிரிஸ் ஜென்கின்ஸ் பின்னாலேயே ஓடி வந்து, பந்தைத் திரும்ப வாங்கி த்ரீ பாயிண்டர் போட்டார். 77-74. ஒரு மேட்ச்சில் எறிகிறவனை மறைக்க ஆள் இல்லை, இன்னொன்றில் எறிந்த பிறகு அவனோடு ஒட்டி ஓட ஆள் இல்லை.

எறிகிறவன் எதிரே எங்கள் அணியில் உயரமான பையன் நிற்பான், பந்து உள்ளே போனவுடன் அவனை விட்டு விலகாமல் கூடவே வருவான். அந்த செமி ஃபைனலில் அரூர்ப் பையன் ரீபவுண்டுக்கு அந்த ஃபார்வர்டின் முன்னால் நின்றதும் இதனால்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் கோட்டுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது என்று ரெஃப்ரி எச்சரித்திருப்பார், அதற்கப்புறமும் நீட்டினால் டெக்னிக்கல் ஃபவுல். அதையும் பையனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

லீடு எத்தனை என்பதைப் பொறுத்து டிஃபென்ஸ் மாறும். ஒரு பாயிண்ட் லீடில் ரிங்குக்குப் பக்கத்தில் சுலபமான ஷாட் கிடைக்கவே கூடாது, தூரத்திலிருந்து போடட்டும். இரண்டு பாயிண்ட் என்றால் த்ரீ பாயிண்டர் நம்மைத் தோற்கடிக்கும், லே அப் சமம்தான் செய்யும். வெளியே நிற்கிற நல்ல ஷூட்டரை விட்டுவிட்டு உதவிக்கு ஓடக் கூடாது. மூன்று பாயிண்ட் என்றால் எல்லாரும் த்ரீ பாயிண்ட் கோட்டின் மேலேயே நிற்கலாம், உள்ளே போய் லே அப் போட்டால் போடட்டும். இதில் ஒரு விஷயம், எங்கள் பக்கத்துக் கோர்ட் சிலவற்றில் பழைய 6.25 மீட்டர் கோடும் இப்போதைய 6.75 மீட்டர் கோடும் இரண்டுமே அழியாமல் கிடக்கும். 2010-ல் மாறியதற்கு முந்தைய பெயின்ட் அது. எந்தக் கோடு கணக்கு என்று மேட்ச் ஆரம்பிக்கும் முன்பே ரெஃப்ரியிடம் கேட்டு, பையன்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

மூன்று பாயிண்ட் லீடில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோ மட்டும் கொடுத்துவிடலாமா என்பது பெரிய விவாதம். 2008 அமெரிக்கக் கல்லூரி இறுதிப் போட்டியில் மெம்பிஸ் அணி மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தது. கான்சஸ் அணியின் மரியோ சால்மர்ஸ் 2.1 நொடி இருக்கும்போது த்ரீ பாயிண்டர் போட்டுச் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் கான்சஸ் 75-68 என்று ஜெயித்தது. அன்றைக்கு ஃபவுல் செய்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். எங்கள் அளவில் நான் அதை நாடுவதில்லை. ஷாட் போடத் தூக்கும் நேரத்தில் கை பட்டுவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ ஆகிவிடும், அந்த நுணுக்கமான நேரக்கணக்கை அறிந்து ஃபவுல் செய்கிற பக்குவம் இரண்டாம் வருடப் பையனுக்கு இருப்பதில்லை. காற்றடிக்கிற திறந்தவெளிக் கோர்ட்டில் நம் கையை எதிராளியின் முகத்துக்கு நேரே வைத்து, அவனை த்ரீ பாயிண்டர் போட விடுவதே நமக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பெஞ்சிலிருந்து நொடியை எண்ணிக் கத்துவதையும் நான் அனுமதிப்பதில்லை. டிஃபென்ஸில் இருப்பவனுக்கு எத்தனை நொடி மீதி என்பது தேவையே இல்லை, விசில் வரை நிற்பதுதான் அவன் வேலை. ஸ்டாப்வாட்ச் வைத்து நடக்கிற மேட்ச்சில் "அஞ்சு, நாலு, மூணு" என்று நாம் எண்ணினால் எதிராளிக்குத்தான் உதவி. தப்பாக எண்ணி அவர்களை ஏமாற்றலாம் என்று ஒரு பையன் யோசனை சொன்னான். நல்ல ஆட்டம் ஆடி ஜெயிக்கத் தெரிந்தவர்களுக்கு அதெல்லாம் எதற்கு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

ரீபவுண்ட்தான் எனக்கு மிக முக்கியம். ஒருமுறை வேறு இரண்டு அணிகளின் மேட்ச்சை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லீடில் இருந்த அணி அருமையாக டிஃபென்ஸ் செய்தது, ஷாட் தவறியது, ஐந்து பேரும் அண்ணாந்து பந்தைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஓடி வந்த ஒருவன் அதைத் தட்டி ரிங்குக்குள் போட்டான். எட்டு நொடி உழைத்தது அரை நொடியில் போனது. ஷாட் கையை விட்டுப் போன உடனே பந்தைப் பார்க்காமல் முதலில் ஆளைத் தேடுங்கள். முதுகு அவன் மேல் பட வேண்டும், அப்புறம்தான் பந்து. கார்டுகள் இதை உயரமானவர்களின் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். தூரத்திலிருந்து போட்ட ஷாட் தவறினால் நீளமாகத் தெறிக்கும், அது பெரும்பாலும் வந்து விழுவது கார்டு நிற்கிற இடத்தில்தான்.

பயிற்சியில் இதை எப்படிப் பழக்குவது? பென்னாகரம் பஸ்ஸுக்கு நேரம் ஆவதற்குள் கடைசி கால்மணி நேரத்தை இதற்கே ஒதுக்குகிறேன். ஐந்துக்கு ஐந்து, எட்டு நொடி, ஒரு பாயிண்ட் லீடு, நாலு ஃபவுல். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான் காதில் ஒரு பிளே (ஸ்கோர் செய்யும் திட்டம்) சொல்லுவேன், டிஃபென்ஸுக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். அவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். தோற்ற அணி மறுநாள் சீக்கிரம் வந்து கோர்ட்டைப் பெருக்க வேண்டும், கோர்ட்டும் சுத்தமாகிறது. இடதுகைப் பையன் ஒருவன் அணியில் இருந்தால் அவனை எப்போதும் பந்து வைத்திருக்கும் பக்கம் போடுங்கள், இடது பக்கம் அடைக்கிற பழக்கம் மற்றவர்களுக்குத் தானாக வரும்.

ரீபவுண்ட் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மீதி இருக்கிறது. பந்தை இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே பிடித்து, முழங்கையை வெளியே வைத்து, காலை அகட்டி நிற்க வேண்டும். கீழே இறக்கினால் குட்டையாக இருக்கிற கார்டு ஓடி வந்து தட்டிவிடுவான். டிரிபிள் வேண்டாம். சந்தோஷத்தில் மேலே தூக்கி எறியவே வேண்டாம், நொடி மீதி இருந்தால் பந்து அவர்கள் கைக்குப் போய்விடும். எதிராளி ஃபவுல் செய்தால் செய்யட்டும், நமக்கு ஃப்ரீ த்ரோவோ பந்தோ கிடைக்கும். பெஞ்சில் இருப்பவர்களும் விசிலும் டேபிளும் முடிந்தது என்று சொல்லும்வரை கோட்டைத் தாண்டி உள்ளே ஓடக் கூடாது. நான் ஒரு பையனை பெஞ்சின் முன்னால் கையை அகட்டி நிற்க வைத்துவிடுகிறேன், அவனுக்கு அது மட்டும்தான் வேலை.